பானெட்டுக்குப் போட்ட மாலை

என் கைப்பேசியில் குடும்பத்தார் படங்களைவிட நசுங்கிய கார்களின் படங்கள்தான் அதிகம். நான் வாகனக் காப்பீட்டு சர்வேயர். திண்டுக்கல்லைச் சுற்றி எந்தக் கார் எதில் மோதினாலும், வத்தலக்குண்டு சாலைப் புளியமரமானாலும் சரி, நத்தம் சாலை மாங்காய் லாரியானாலும் சரி, போய்க் குனிந்து நிமிர்ந்து படம் எடுத்து, சேதத்தை மதிப்பிட்டு எழுதுவது என் பிழைப்பு. இந்த வேலையில் இருப்பவனுக்குப் பிள்ளை பிறக்கக் கூடாது. பிறந்தாலும் அது கார் ஓட்டக் கூடாது. என் மகள் ஓட்டுவதோடு நிற்கவில்லை. காரைப் பிரித்து, வீட்டு மொட்டை மாடியில் அதற்குப் புது உடம்பு செய்ய உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. அவள் என் கைப்பேசிப் படங்களில் ஒன்றாகிவிடக் கூடாது. அவ்வளவுதான்.

கார் என்னுடையதுதான். பழைய, சின்ன, வெள்ளைக் கார். மகள் பொறியியல் முடித்தவள். கோயம்புத்தூரில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அறிவித்தாள்.

"காரோட கனத்தக் குறைக்கப் போறேன்ப்பா. முதல்ல பானெட். அப்புறம் டிக்கி, கதவு. எல்லாத்தையும் ஃபைபர்ல பண்ணிரலாம். ரேஸ் ஓட்டுறவங்க இதுக்குத்தான் ஆள் தேடி அலையுறாங்க. ஒண்ணு நல்லா வந்துச்சுன்னா இதையே தொழிலா வச்சுக்கிருவேன்."

"இரும்பு எதுக்கு இருக்கு தெரியுமா? இடிச்சா நம்மளக் காப்பாத்த."

"பானெட்டு யாரையும் காப்பாத்தலப்பா. அது இன்ஜினுக்கு மூடி. கொழம்புச் சட்டிக்கு மூடி மாதிரி."

"பிள்ள சொல்றது சரிதானங்க" என்றாள் என் மனைவி. கார் என்றால் ஹாரனும் ஏசியும் என்று நினைப்பவள். மகள் சமையலறை உதாரணம் சொன்னால் உடனே கட்சி மாறிவிடுவாள்.

இரும்பு பானெட் மாடிக்குப் போயிற்று. அதன்மேல் மெழுகைத் தேய்த்து, துடைத்து, மறுபடியும் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்கு ஆக்கினாள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகுமோ, மெழுகில்லாமல் ரெசின் என்ற பிசினை ஊற்றினால் அதுதான் ஆகும். மெழுகின்மேல் கண்ணாடி இழை விரிப்பைப் பரப்பி, ரெசினைத் தடவி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். காய்ந்து இறுகியதும் பிரித்தெடுத்தால் அது அச்சு. பிறகு அந்த அச்சுக்குள் மெழுகிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தால், அதிலிருந்து வருவது பானெட். மேல் அடுக்குக்கு மட்டும் கார்பன் ஃபைபர் துணி. கறுப்புப் பட்டுப்பாய் போல மினுங்கும்.

சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. ரெசினை இறுக வைக்கும் மருந்தை இருமல் மருந்து மூடியால் அளந்து ஊற்றினாள். திண்டுக்கல் சித்திரை வெயிலுக்கு எந்த அளவும் பொருந்தாது என்பது முதல் நாளே தெரிந்தது. பிளாஸ்டிக் மக்கில் இருந்த ரெசின் தடவுவதற்குள் சூடேறிப் புகைந்து கல்லாகிவிட்டது. மக் இளகிக் கோணிக்கொண்டது. என் சவர பிரஷ் அதில் நட்டமாக நிற்கிறது, இன்றுவரை. அதன்பிறகு வெயில் ஏறுமுன்பே வேலையை முடித்துக்கொள்ளப் பழகினாள்.

மாடி அதுவரை என் மனைவியின் வத்தல் சாம்ராஜ்யமாக இருந்தது. இப்போது எல்லைத் தகராறு தொடங்கியது.

"என் வத்தலு மேல அந்தக் கருமாந்திரம் ஒரு சொட்டு விழட்டும், அம்புட்டுத்தான். அச்சாவது பிச்சாவது, தூக்கித் தெருவுல போட்டுருவேன்."

பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த புனிதத்தோடு சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்னத்தப்பா காய்ச்சுறீங்க? எங்க வீட்டு பிரியாணி பெயின்ட் கடை மாதிரி மணக்குது." திண்டுக்கல்லில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள். பிரியாணி வாசத்தைக் கெடுத்தவனை மட்டும் மன்னிக்க மாட்டார்கள்.

அரிப்பு தனி அத்தியாயம். மகள் கண்ணாடி இழை வெட்டும்போது போட்டிருந்த உடுப்புகளை எங்கள் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் என் ஜட்டிக்குள் குடியேறின. ஒட்டன்சத்திரத்தில் ஒரு விபத்து லாரியின் முன்னால் நின்றுகொண்டு நான் சொரிந்த சொரியைப் பார்த்து லாரிக்காரர் தன் நஷ்டத்தையே மறந்துவிட்டார். "ஏனுங்க சார், வேப்பெண்ணெய் தடவிப் பாருங்க. எங்க மாமனாருக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு" என்றார்.

ஒரு காலையில் அச்சின் ஓரமாக மரச் சில்லுகளைச் செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றி, நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். 'பளக்' என்று ஒரு சத்தம். பானெட் பிரிந்து வந்தது. மகள் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். நான் செய்த எதையும் அப்படி யாரிடமும் தூக்கிக் காட்டியதில்லை.

"அப்பளம் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

"அப்பளந்தான். நொறுங்கும்" என்றேன்.

மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரும்பு பானெட்டின் முனையில் ஒரு கொக்கி இருக்கும். அது காரின் பூட்டில் போய் மாட்டிக்கொள்ளும். ஃபைபரில் அந்தக் கொக்கி பிய்ந்துவிடும் என்பதால் மகள் வேறு ஏற்பாடு செய்திருந்தாள். முன்பக்கம் இரண்டு இரும்பு முளைகள். பானெட்டை மூடினால் அவை துளை வழியாக வெளியே தலை நீட்டும். முளையின் தலையில் ஓர் ஓட்டை. அதில் ஒரு கம்பிக் கிளிப்பைச் செருகிவிட்டால் பானெட் எங்கேயும் போகாது. நான் இழுத்துப் பார்த்தேன். அடியில் கையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தேன். சர்வேயர் புத்தி முழுவதையும் பயன்படுத்திப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது என்னை மேலும் பயமுறுத்தியது.

புது பானெட் போட்ட வண்டியைப் பூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கல்யாணம், படிப்பு எதிலும் தலையிட மாட்டார். வாகன இலாகா மட்டும் அவரிடம் இருக்கிறது. பூசாரி வந்தார். கற்பூரம் காட்டினார். மாலை போடும்போதுதான் தடுமாறினார். மற்றக் கார்களில் மாலையை எங்கே கட்டுவது என்று அவருக்குத் தெரியும். இதுவோ வழுக்குப் பாறை மாதிரி இருந்தது. தேடிப் பார்த்து, முளைகளைக் கண்டுபிடித்து முகம் மலர்ந்தார். "நல்ல வசதியாத்தான் வச்சிருக்காக" என்று பாராட்டிக்கொண்டே செண்டுப்பூ மாலையை இந்த முளையிலிருந்து அந்த முளைவரை இழுத்துக் கட்டினார்.

அந்த நேரத்தில் மகள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். "கண்ண மூடிக் கும்பிடு, அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காத" என்று அவள் அம்மா அதட்டியிருந்தாள். நான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கும் சரியாக நசுங்கின. வத்தலக்குண்டில் இருக்கும் கொழுந்தியாள் வீட்டுக்குப் புறப்பட்டோம். மகள் ஓட்ட, நான் பக்கத்தில், மனைவி பின்னால். ஊருக்குள் மெதுவாகப் போனவரை ஒன்றும் இல்லை. செம்பட்டி தாண்டி வேகம் எடுத்ததும் மாலையிலிருந்து இதழ்கள் பிய்ந்து கண்ணாடியில் மோதி இரண்டு பக்கமும் சிதறின. "பூ தூவுது பாருங்க, சகுனத்த" என்றாள் மனைவி.

பிறகு நார் அறுந்தது.

சத்தம் முதலில் வந்தது, ஓங்கி அறைந்த மாதிரி. அதோடு சாலை காணாமல் போயிற்று. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. கார்பன் துணியின் நெசவு ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. நான் பழனி முருகனையும் வேளாங்கண்ணி மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். தெய்வங்களை வரிசைப்படி அழைக்க நேரம் இல்லை. மகள் கத்தவில்லை. குனிந்து, கண்ணாடியின் அடியில் இருந்த சின்ன இடுக்கு வழியாகப் பார்த்தபடி பிரேக்கை மெல்ல அழுத்தினாள். இன்டிகேட்டர் போட்டாள். யாருக்குக் காட்டினாள் என்று தெரியவில்லை, ஆனால் போட்டாள். கீல் பிய்ந்து பானெட் தலைக்கு மேலே பறந்து போக, சாலை திரும்பி வந்தது. வண்டி ஓரமாய் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு டூவீலர் நின்றிருந்தது. புருஷன், பெண்டாட்டி, நடுவில் ஒரு குழந்தை. மூவரும் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பானெட் அவர்களைத் தாண்டித்தான் அங்கே போயிருக்க வேண்டும். அவர் எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார். அந்தக் குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

மகளின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன்.

"கிளிப் போட்டேன்ப்பா. நாந்தான் போட்டேன். ரெண்டும் போட்டேன்." திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பிறகு, "எனக்கு இது வேணாம்ப்பா. வீட்டுக்குப் போயி எல்லாத்தையும் ஒடச்சுப் போட்டுருவோம்" என்றாள்.

நான் மாதக்கணக்காகக் கேட்க ஏங்கிய வார்த்தை. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும்.

மனைவி பின்சீட்டிலிருந்து, "இந்தா, திருநீறு பூசிக்க" என்று கைப்பையைத் திறந்து கோவில் பொட்டலத்தைப் பிரித்தாள். திருநீறு, குங்குமம், ஒரு துண்டுத் தேங்காய். அதன் நடுவில் இரண்டு கம்பிக் கிளிப்புகள்.

மூவரும் அவற்றைப் பார்த்தோம்.

"இது எப்படிம்மா உன்கிட்ட?"

"பூசாரி குடுத்தாரு. மால கட்ட இடைஞ்சலா இருக்குன்னு உருவிட்டுத் தட்டுல வச்சாரு. பிரசாதத்தோட குடுத்தா நான் என்னன்னு நெனைப்பேன்?"

"சாமி கிளிப்பாம்மா பிரசாதமாக் குடுக்கும்?"

"போன வருசம் எவர்சில்வர் ஸ்பூன் குடுத்தாகளே."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அது பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகியது. நான் வாயைத் திறந்தேன். "ஒன் மேல தப்பில்ல தாயி. நீ போட்டது சரியாத்தான் இருந்துச்சு." ஏன் அப்படிச் சொல்லித் தொலைத்தேன் என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் உண்மை அதுதான். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

பானெட்டைத் தேடிச் செண்டுப்பூத் தோட்டத்துக்குள் இறங்கினோம். தோட்டக்காரர் அதை இரண்டு கையிலும் ஏந்தி, தாம்பூலத் தட்டுப்போல எதிரே கொண்டுவந்தார்.

"கூரைத் தகரம்னு நெனச்சு ஓடுனேன் சார். தூக்குனா புடைக்கிற சுளவு கணக்கா இருக்கு. என்னா சார் இது?"

"கார் மூடிண்ணே" என்றாள் மகள்.

"மூடி இங்கன வந்துருச்சு. காரு எங்க தாயி?"

அவர் மனைவி வேலியோரம் நின்ற ஆட்டுக்குட்டியைக் காட்டினார். "இவன் மேலதான் விழுந்துச்சு. ஒரு உதறு உதறிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். செத்த நேரங் கழிச்சு வந்து அதையே நக்கிப் பாக்குறான்."

மகள் என்னைப் பார்த்தாள். "இரும்பா இருந்தா?"

"இரும்பா இருந்தா அது கழண்டே வந்திருக்காது."

"அது வேற. விழுந்திருந்தா?"

நான் குட்டியைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்து ஏதோ மென்றது. சாட்சி அவள் பக்கம்.

கண்ணாடியில் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல். மாற்றம் செய்த வாகனம் என்று காரணம் காட்டி, என் காப்பீட்டுக் கிளைமை நானே தள்ளுபடி செய்யும்படியான நிலைமை. சொந்தச் செலவில் மாற்றினேன். காருக்குப் பழைய இரும்பு பானெட் திரும்பி வந்தது. மகள் மாடிப்பக்கம் போகவில்லை. அச்சு சும்மா கிடந்தது. என் மனைவி அதில் மோர்மிளகாய் காயவைத்தாள். ஆழமும் வழவழப்பும் அதற்கென்றே செய்தது போல இருந்ததாம். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் அரிப்புக்கூட இல்லை. ஆனால் சாப்பிடும்போது மகள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். அந்த அமைதியும் ஒரு சேதம்தான் என்று என் தொழில் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலையில் மாடியிலிருந்து மெழுகு வாசம் வந்தது. ஏறிப் போனேன். மோர்மிளகாய் ஒரு பழைய சேலைக்கு மாறியிருந்தது. மகள் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உருளையை எடுத்துக் கழுவினேன்.

இரண்டாவது பானெட்டில் கிளிப்புகளை மெல்லிய கம்பியால் முளையோடு பிணைத்துவிட்டாள். எந்தப் பூசாரியாலும் பிரசாதமாகக் கொடுக்க முடியாது. கீல்களுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்துக் கெட்டிப்படுத்தினாள். முன்பக்கம், காரின் முகத்துக்கு நேரே, பானெட்டோடு சேர்த்தே வார்த்த இரண்டு சின்னக் கொக்கிகளும் இருந்தன.

"இது எதுக்கு?" என்றேன்.

"மாலைக்கு."

மறுபடியும் அதே பிள்ளையார், அதே பூசாரி. "இந்தத் தடவ இன்னும் வசதியா இருக்கே" என்று கொக்கியில் மாலையை மாட்டினார். மகள் கண்ணை மூடவில்லை. அவள் அம்மாவும் அதட்டவில்லை. நானும் எலுமிச்சம்பழத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையாரை அன்று யாருமே கும்பிடவில்லை. மூன்று பேரும் பூசாரியின் கையையே வெறித்துக்கொண்டிருந்தோம். அவர் கூச்சத்தில் ஒரு தடவை கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வத்தலக்குண்டுக்குப் போகும் வழியில் செம்பட்டி வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். டீ குடிக்க வேண்டும் என்றேன். மகள் டீக்கடை ஓரமாக நிறுத்தினாள்.

"டீக்கடை அங்கிட்டு இருக்குப்பா. நீங்க ஏன் வண்டிக்கு முன்னாடி போறீங்க?"

"நீ போயிச் சொல்லு. செத்த நேரத்துல வாரேன்."

இரண்டு கிளிப்பையும் இழுத்துப் பார்த்தேன். இருந்தன. மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.