பயப்படத் தேவையில்லை

பம்பாய் மாட்டுங்காவில் தினமும் ஒரு தமிழர் என்னோடு ரயிலேறுவார். நெற்றியில் சந்தனம், காதில் சிவப்புப் பென்சில். பேப்பரில் எவராவது ‘பயப்படத் தேவையில்லை’ என்று சொல்லியிருந்தால் வட்டம் போடுவார்.

“கம்ப்யூட்டர் வந்தாலும் ஒரு கிளார்க்குக்கும் வேலை போகாதாம். மந்திரி சொல்றார், பாரும்!”

“நல்லதுதானே சார்?” என்றேன். நானும் கிளார்க்.

“கேக்காமலே சமாதானம் சொன்னா, அங்கேதான் ஓய் பயப்படணும்.”

மதராஸி ஓட்டல்கள்மேல் கல் விழத் தொடங்கிய வாரம், ‘தென்னிந்தியர்கள் பயப்படத் தேவையில்லை’ என்று பேப்பரில் பெரிதாகப் போட்டிருந்தது. அன்று அவர் நெற்றியில் சந்தனம் இல்லை.

“இன்னிக்கு வட்டம் போடலையா சார்?” என்று கேட்டேன்.

பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “நீங்கள் யார்?” என்றார், இந்தியில்.

ஆள் தெரியாமல் பேசிவிட்டதாக நானும் இந்தியிலேயே மன்னிப்புக் கேட்டேன்.