நிறமேறிய செம்புச் சதங்கள்

என் மாமனார் இளவயதில் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். அவர் காலமான பிறகு சீவலப்பேரி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். தகரப் பெட்டியின் அடியில் அவருடைய சவரப் பெட்டி இருந்தது. மரத்தால் ஆனது. உள்ளே கத்தியும் இல்லை, சோப்பும் இல்லை. மடித்த ஒரு நீலத் தாளும், அதற்கடியில் ஒரே ஒரு காசும் கிடந்தன. இலங்கையின் ஒரு சதம். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் ஓலைகளை விரித்து நிற்கும் ஒரு பனை, அதன் ஓரத்தில் தமிழ் எழுத்து.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மரத்தைத் தொட்டுக் கிடந்த பக்கம் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. தாளைத் தொட்டுக் கிடந்த பக்கத்தில் பனையைச் சுற்றி ரோஜா நிறம், அதைத் தாண்டி ஊதா, விளிம்பில் மயில் கழுத்தின் நீலம். கையைக் கொஞ்சம் சாய்த்தால் நீலம் உள்ளே நகர்ந்து வந்தது. நிமிர்த்தினால் திரும்பிப் போனது. வெளியே வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு காற்றில் வந்து வந்து போனது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

“ஏட்டி, செல்லாக் காசுக்கு இம்புட்டு நேரமா? லாரிக்காரன் காத்துக்கிட்டு நிக்கான்” என்றார் கணவர்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. செம்பின் மேல் காற்று படப்பட மெல்லிய படலம் ஒன்று படியும். படலத்தின் கனத்தைப் பொறுத்து, திரும்பி வரும் வெளிச்சத்தின் நிறம் மாறும். அவ்வளவுதான் விஷயம். கரும்பலகையில் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடுவேன். ஆனால் அந்தப் படலம் படிய அறுபது எழுபது வருடங்கள் ஆகியிருந்தன. பூட்டிய பெட்டிக்குள், யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல், ஒரு நிறம் தன்பாட்டுக்கு இன்னொரு நிறமாகிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நினைப்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு தேட ஆரம்பித்தேன். ஆற்றோரத்து ஊர்களில் இலங்கைக்குப் போய் வந்த குடும்பங்களுக்குக் குறைவில்லை. மருந்து டப்பாவிலும் தையல் மிஷின் இழுப்பறையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் சதங்கள் கிடந்தன. பழைய பாத்திரக் கடைகளில் எடைக்குப் போட்ட செம்புக் குவியலையும் கிளறிப் பார்த்தேன். பெரும்பாலும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருக்கும். அவற்றைப் பார்த்தால் மழித்த தலையைப் பார்ப்பதுபோல் இருக்கும். பத்தில் ஒன்று தப்பித்திருக்கும்.

வண்ணார்பேட்டையில் ஒரு வாட்ச் கடை. பேருந்துகள் திரும்பும் இடத்தில் ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. வாட்சுக்கு வார் மாற்றப் போனேன். கண்ணில் லென்ஸ் மாட்டியிருந்தவர் அப்போது வாட்சு எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெள்ளைத் துணியில் வைத்த ஒரு சதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே எனக்கும் காட்டினார். அதில் பனைமரம் சாயங்கால ஆற்றுக்குள் மூழ்கி நிற்பதுபோல் இருந்தது.

மேலப்பாளையத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் கொழும்புக்குக் கப்பலேறியவர்தான். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் டீச்சர். மாதத்துக்கு இரண்டு மூன்று சனிக்கிழமை அந்தக் கடை வாசலில் நின்றபடியே பேசுவோம். பேச்சு என்று பெரிதாக இருக்காது. ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர் பார்ப்பார். விளிம்பில் மட்டும்தான் பிடிக்க வேண்டும் என்பார். தேய்த்த காசுக்கு அவர் வைத்த பெயர் ‘குளிச்ச காசு’. விற்பதற்காக ரசாயனத்தில் நிறம் ஏற்றிய காசுகளும் சந்தையில் உண்டு. அதற்குப் பெயர் ‘பவுடர் போட்ட காசு’.

“பவுடர் போட்டா எனக்குத் தெரிஞ்சிரும் டீச்சர். நெறம் மேல மிதக்கும், உள்ள எறங்காது” என்பார்.

அவரிடம் அநேகமாக எல்லா வருடத்துச் சதமும் இருந்தது. ஒன்றைத் தவிர. அவருடைய அப்பா கப்பலேறிய வருடத்துச் சதம், நல்ல நிறத்தில், கிடைக்கவே இல்லை. குளித்ததுகூடக் கிடைக்கவில்லை.

எனக்குக் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் இருந்தது. நான் சதம் தேடுகிறேன் என்று கேள்விப்பட்ட அந்த அம்மா, அரிசிப் பானையிலிருந்து எடுத்து, புளி போட்டு, உப்புப் போட்டு, தேய்தேயென்று தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“டீச்சர் கையில குடுக்கது அழுக்கா இருக்கக் கூடாதுல்லா” என்றார்.

வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். வருடத்தைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

கோடை விடுமுறை. ஆய்வகச் சாவி என்னிடம்தான். சோதனைக்குத்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவித்த முட்டையை நறுக்கி, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் வைத்தால் கந்தக வாயு வரும், அது செம்பைப் பிடிக்கும். முதலில் மூன்று சாதாரணக் காசுகளில் செய்து பார்த்தேன். இரண்டு கறுத்துப்போயின. மூன்றாவதில் எந்த நிமிடத்தில் வெளியே எடுக்க வேண்டும் என்று பிடிபட்டது. பிறகு அந்தச் சதத்தை வைத்தேன்.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை மறக்க முடியாது. காலி ஆய்வகம், வேப்பமரத்து நிழல் மேசைகள் மேல் அசைகிறது. குடுவைக்குள் காசு முதலில் பழுத்த மாம்பழம்போல் மஞ்சளானது. பிறகு செம்மண், பிறகு ரோஜா. எழுபது வருடம் என் கண்முன்னால் ஒரு மின்விசிறிச் சத்தத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஊதா விளிம்பில் வந்து நீலம் தொடங்கியதும் எடுத்துவிட்டேன். பனை ஓலைகளுக்கு நடுவில் விடியற்காலை மாதிரி ஒரு வெளிச்சம் நின்றது. அழகாக இருந்தது. இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அண்ணாச்சிக்கே கொடுப்பதற்காகக் கொண்டுபோய்க் காட்டினேன். லென்ஸை மாட்டினார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். ஒரு பேருந்து வந்து, ஆள் ஏற்றி, போயும்விட்டது.

“மாஷா அல்லா” என்றார் மெதுவாக. “இது இப்பிடியே கெடைச்சுதா டீச்சர்?”

அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். இல்லை அண்ணாச்சி, முட்டை செய்த வேலை என்று சொல்லியிருக்கலாம். அவர் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தேன்.

“ஆமா” என்றேன்.

அவர் உள்ளே குனிந்து தன் பெட்டியைத் திறந்து, தன் அப்பா கொழும்பிலிருந்து திரும்பும்போது சட்டைப் பையில் கொண்டுவந்த ஒரு சதத்தை எடுத்து என் கையில் வைத்தார். தீ அணைந்த பிறகு இருக்கும் கங்கின் நிறம் அது. வேண்டாம் என்றேன். “நீங்க குடுத்ததுக்கு வேற எது சமானம்?” என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சதத்தை நான் ஒரு நாளும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் கை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகும். சனிக்கிழமைகளில் கடைப்பக்கம் போவதும் குறைந்தது. கணவர்தான் ஒருநாள் கேட்டார்: “அண்ணாச்சிகூட எதும் மனஸ்தாபமா?” இல்லையென்று தலையசைத்தேன்.

மழைக்காலம் முடிந்து, டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி வைத்தார்கள். அண்ணாச்சிக்கும் ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். போனேன். கண்ணாடிக்குக் கீழே எல்லாச் சதங்களும் வரிசையாக இருந்தன. நடுவில் தனியாக ஒரு வெல்வெட் துணியில் என்னுடையது. அதற்குக் கீழே அவருடைய உருண்டையான கையெழுத்தில் ஒரு அட்டை: ‘இயற்கையாக நிறமேறியது.’

அவர் புதுச்சட்டை போட்டிருந்தார். அவர் வீட்டம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, அந்த அட்டைய எடுத்துருங்க.”

“ஏன் டீச்சர், எழுத்துப் பெழையா இருக்கா?”

“இல்ல. அது நான் செஞ்சது. எங்க லேபுல, முட்டைய வச்சு. கெடைக்கும்போது குளிச்ச காசாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. காசைத்தான் பார்த்தார். மண்டபத்துக்குள் யாரோ மைக்கைத் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

“எட்டு மாசமா தெனமும் பாக்குதேன்” என்றார் கடைசியில். “கடைய தொறந்ததும் மொதல்ல இதத்தான் பாக்குதேன். எங்க வாப்பா கப்பல்ல நிக்க மாதிரி இருக்கும். இப்ப என்னத்தப் பாத்தேன்னே தெரியல.”

பையிலிருந்து அவருடைய அப்பாவின் சதத்தை எடுத்து மேசையில் வைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. விளிம்பில் பிடித்து எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதி, அதே இடத்தில் வைத்தார். ‘டீச்சர் முட்டை வைத்து நிறமேற்றியது.’

அன்று முழுவதும் கூட்டம் அந்த ஒரு காசைச் சுற்றித்தான். எப்படி, எத்தனை நிமிடம், கோழி முட்டையா வாத்து முட்டையா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒவ்வொருவரையும் என் பக்கம் திருப்பிவிட்டார். “டீச்சர்ட்ட கேளுங்க, சொல்லுவாங்க.” தொண்டை கட்டிப்போனது. சாயங்காலம் அவர் வீட்டம்மா ஒரு தம்ளர் சுக்குக் காப்பி கொண்டுவந்து என்முன் வைத்துவிட்டுப் போனார். கூச்சத்தையும் மீறி, பல மாதங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் அண்ணாச்சி என்னிடம் பழையபடி பேசவில்லை. இரண்டு முறை கடைக்குப் போனேன். “வாங்க” என்பார். வேலையில் குனிந்துகொள்வார். மூன்றாவது முறை போகவில்லை. பங்குனி போய்ச் சித்திரை, வைகாசியும் போனது.

ஆனி மாதக் கடைசி. மேற்கே சாரல் விழுந்து, இங்கே ஊருக்குள்ளும் காற்றில் ஈரம் இருந்தது. வாசலில் அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் நின்றார்கள்.

“ஆழ்வார்குறிச்சியில ஒரு வீட்டுல சதம் இருக்காம். வீட்டுக்காரம்மா போன்ல என்னமோ சொல்லுதாவ, எனக்கு வெளங்கல. நீங்களும் வாங்களேன்.”

செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். மூவரும் பேருந்தில் போனோம். ஜன்னலோரம் வயல்கள் பச்சையாக ஓடின. மேகம் மலையை முக்கால்வாசி மூடியிருந்தது. அண்ணாச்சி முன் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார். அவர் வீட்டம்மா என் மடியில் வறுத்த கடலைப் பொட்டலத்தை வைத்தார்.

அந்த வீட்டில் ஒரு நடுவயதுப் பெண் இருந்தார். காசு எங்கே என்று கேட்டதற்கு மேற்கு ஜன்னலைக் காட்டினார். தடித்த வெள்ளைக் கதர்த் திரை ஒன்று காற்றில் மெல்லத் தூக்கி, மெல்ல இறங்கியது.

“இங்கன ஆனி ஆடிக் காத்துக்குத் திரை நிக்காது. அதனால எங்க அம்மா கீழ் மடிப்புல காச வச்சுத் தச்சுட்டா. எத்தனை இருக்குன்னு எனக்குத் தெரியாது. வேணும்னா பிரிச்சுக்கிடுங்க” என்று கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து மடிப்பை விரலால் நீவினார். துணிக்குள் ஒவ்வொரு வட்டமாகத் தட்டுப்பட்டது. கத்தரிக்கோலை வாங்கி ஒரே ஒரு வட்டத்தின் தையலை மட்டும் பையப் பிரித்தார். சதம் அவர் உள்ளங்கையில் விழுந்தது.

லென்ஸ் அவர் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. காசை என்னிடம் நீட்டினார்.

“பாத்துச் சொல்லுங்க டீச்சர்.”

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். பனையின் மேல், ராஜா மேல், எங்கும் துணியின் நெசவு விழுந்திருந்தது. நூல் தொட்ட இடம் ஊதா, நூலுக்கு நடுவில் சின்னச் சின்னக் கட்டமாக ரோஜா. குறுக்கும் நெடுக்குமாக ஒவ்வொரு இழையையும் எண்ணிவிடலாம். எந்தக் குடுவைக்குள்ளும் நான் இதைச் செய்திருக்க முடியாது.

“இது யாரும் செஞ்சதில்ல அண்ணாச்சி” என்றேன்.

அவர் தலையாட்டினார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். மற்றதையும் பிரிக்கலையா என்று அந்தப் பெண் கேட்டார். “ஒண்ணு போதும்மா. காத்து வேற அடிக்குது” என்றார் அண்ணாச்சி. அந்த ஒன்றின் இடத்துக்கு என் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் கொடுத்தேன். அந்தப் பெண் ஊசியில் நூல் கோத்து மடிப்பைத் தைக்க ஆரம்பித்தார். சாரல் ஜன்னல் கம்பியில் தெறித்தது. அண்ணாச்சியின் வீட்டம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, அந்தச் சதத்தைத் தன் கையில் வாங்கி, வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.