கம்பம் பஸ்ஸில் ஏறிய எல்டர்

எந்த ஆபீசுல எவன் உட்கார்ந்து மேப்பைப் பார்த்தானோ, சுரேஷ்கண்ணனைக் கொண்டாந்து தேனியில போட்டுட்டான். பெங்களூருல, மைசூருல ஊழியம் பண்ணிக்கிட்டிருந்தவன். "எல்டர், உங்களுக்கு அடுத்த ஊரு தேனி"ன்னு போன்ல சொன்னதும் "தேனியா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டான். அவன் பிறந்து வளர்ந்த கூடலூரு அங்கனருந்து ஒன்றரை மணி நேர பஸ்ஸுதான். மோர்மன்கிற கிறிஸ்தவ சபையில ரெண்டு வருச ஊழியத்துக்குப் போற பிள்ளைகளை எல்டர்னுதான் கூப்பிடுவாக. சொந்த ஊர்ப் பக்கம் அனுப்புறதில்ல. ஆனா இவன் கோயமுத்தூரு மில்லுல வேலை பார்க்கையில சபையில சேர்ந்தவன், பாரத்துல அந்த விலாசத்தைத்தான் எழுதியிருந்தான். பாவம், அவுக என்ன கண்டாக?

"சார், இது என் ஊர்ப் பக்கம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. ஆத்தா மாயக்காளை எங்கயாச்சும் ஒரு தடவை பார்த்துர மாட்டோமாங்கிற நப்பாசை. புருசன் போன பிறகு திராட்சைத் தோட்டத்துல கூலிக்குப் போயி அவனை வளர்த்தவ. மகன் பெங்களூருல ஒரு கம்பெனியில ரெண்டு வருச டிரெயினிங்ல இருக்கான், முடிஞ்சா வேலை நிரந்தரம்னு நம்பிக்கிட்டிருந்தா. அவன் சொல்லிவச்சது அப்படி. ஊழியம் முடிஞ்சதும் நேரே போயி, காலைப் பிடிச்சு, தன் வாயாலயே உண்மையைச் சொல்லிரணும். அதுக்கு முன்னாடி வேற ஆளு வாயிலருந்து அவ காதுக்குப் போயிறக்கூடாது. ராத்திரி பகலா அவனுக்கு இருந்த கவலை அது ஒண்ணுதான்.

பழனிசெட்டிபட்டியில ஒரு மாடி ரூம் கொடுத்தாக. கூட்டாளி ராஜமணி, ஈரோட்டுக்காரன். இவுக சபையில ஒரு சட்டம் உண்டு: ஊழியத்துக்கு வந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் விட்டுப் பிரியவே கூடாது. கடைக்குப் போனாலும் ரெண்டு பேரு, முடி வெட்டப் போனாலும் ரெண்டு பேரு. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்புப் பேட்ஜு. வெயில்ல வேர்த்து ஊத்த வீடு வீடாப் போனா, "இன்சூரன்சா தம்பி?"ம்பாக. சரி, வாங்கன்னு உட்காரவச்சு டீயைக் கொடுத்தா அதையும் வேண்டாம்பானுக. டீயும் காபியும் அவுகளுக்கு ஆகாது. வீடு தேடி வந்தவன் டீயை வேண்டாங்கிறதாவது! அதோட பேச்சு முடிஞ்சுரும்.

ஆனா ராஜமணி தங்கமான பையன். சுரேஷ்கண்ணன் காய்ச்சல்ல கிடந்த மூணு நாளும் கஞ்சி வச்சுக் கொடுத்தான், துணி துவைச்சுப் போட்டான். ஒத்தைப் பிள்ளையா வளர்ந்தவனுக்கு அண்ணன் கிடைச்ச மாதிரி இருந்துச்சு.

வாரத்துல ஒரு நாள் கூட்டாளிக ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மனசுல உள்ளதை மறைக்காமப் பேசணும். அதுவும் சபை வழக்கம்தான். தேனிக்கு வந்த மூணாவது மாசம், சித்திரையில, அப்படி உட்கார்ந்த ஒரு சாயங்காலம் சுரேஷ்கண்ணன் எல்லாத்தையும் கொட்டிட்டான். வீட்டுக்கு வருசத்துல ரெண்டு தடவைதான் பேசலாம்னு சட்டம். இவன் திங்கக்கிழமை தவறாம, ராஜமணி பக்கத்துக் கடையில சாமான் வாங்குற நேரம் பார்த்து, காயின் பூத்துல நின்னு ஆத்தாகிட்டப் பேசிக்கிட்டிருந்தான். பெங்களூருக் கதையையும் சொன்னான். "வர்ற வெள்ளிக்கிழமை வீரபாண்டி அம்மன் திருவிழாவுல ஆத்தா எனக்காக அக்கினிச்சட்டி எடுக்குது எல்டர். கூட்டத்தோட கூட்டமாத் தூரத்துல நின்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்துரணும். நீங்க வந்தாத்தான் நான் போக முடியும்."

ராஜமணி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டான். "வர்றேனுங்க எல்டர். யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

வியாழக்கிழமை மத்தியானம், ஊழியத்துக்கு வந்த பிள்ளைகளை ஊரு ஊரா அனுப்புற தலைவருகிட்டருந்து போன் வந்துச்சு. நல்ல மனுசன், தன்மையாத்தான் பேசினாரு. "வீட்டுக்குப் பக்கத்துல போட்டது எங்க தப்பு. எல்டர் ராஜமணி இந்த வாரக் கடிதத்துல எழுதினதாலதான் தெரிஞ்சுது. நாளைக் காலையில மதுரைக்குக் கிளம்பிருங்க. அங்கனருந்து விசாகப்பட்டினத்துக்கு ரயில்."

போனை வச்சுட்டுத் திரும்பினா, ராஜமணி வழிக்குச் சப்பாத்தி சுட்டுக்கிட்டிருக்கான்! சுரேஷ்கண்ணனுக்கு மூஞ்சியில காறித் துப்பணும்போல இருந்துச்சு.

"எனக்குக் கொடுத்த வாக்கு என்னாச்சு?"

"கடிதத்துல மறைச்சு எழுத எனக்கு வரலீங்க. மூணு நாளாத் தூக்கமே இல்ல."

"உனக்குத் தூக்கம் வரணும்னு என்னைக் காட்டிக் கொடுத்தியாக்கும்?"

ராஜமணி சப்பாத்தியைத் திருப்பிப் போட்டான்.

மறுநாள் காலையில தேனி பஸ் ஸ்டாண்டு. மதுரையில வேற கூட்டாளிகிட்ட ஒப்படைக்கிற வரைக்கும் ராஜமணி கூட வந்தாகணும், சட்டமாச்சே. பக்கத்துல கம்பம் வண்டி கிளம்புது. கண்டக்டர் படியில நின்னு, "வீரபாண்டி ஏறு, வீரபாண்டி ஏறு"ன்னு கத்துறாரு. சுரேஷ்கண்ணனுக்கு என்ன வந்துச்சோ, பெட்டியோட தாவி ஏறிட்டான். "வாக்கு கிடக்கட்டும், சட்டம் உனக்குப் பெருசுல்ல? ஓடி வா!"ன்னு கத்துனான். ராஜமணி டை பறக்க ஓடி வந்து பின்படியில தொத்திக்கிட்டான்.

வீரபாண்டியில எள்ளு போட இடமில்ல. கொட்டும் குலவையுமா ஊரே அதிருது. கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னா ஆத்தா கண்ணுல படமாட்டோம்னு அந்தக் கூறு கெட்டவனுக்கு நினைப்பு. அம்புட்டு மஞ்சச் சேலைக்கு நடுவுல வெள்ளைச் சட்டையும் டையுமா, பெட்டியோட ரெண்டு பேரு நின்னா யாரு கண்ணுலதான் படாது? போறவுக எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தாக. கையில தீ எரிய வந்த மாயக்காளும் பார்த்தா. ஒரு எட்டு தடுமாறுச்சு. ஆனா நிக்கல, நேரே போயி நேர்த்தியை முடிச்சுட்டுத்தான் திரும்பி வந்தா. ஓடிப்போக அவனுக்கு நேரம் இருந்துச்சு. பெட்டியைக் கீழே வச்சுட்டு அங்கனயே நின்னான்.

வந்தவ பேட்ஜைத் தொட்டுப் பார்த்தா. படிக்கத் தெரியாது. மகன் முழிச்ச முழியைப் பார்த்துட்டு ராஜமணி பக்கம் திரும்பினா. "இது என்ன வேசம்? நீ சொல்லு தம்பி."

கம்பெனி பேட்ஜுன்னு சொல்லித் தொலைடான்னு சுரேஷ்கண்ணன் கண்ணாலேயே கெஞ்சினான். ராஜமணி தலையைக் குனிஞ்சுக்கிட்டே சபை, ஊழியம், எல்லாத்தையும் ஒண்ணுவிடாமச் சொல்லிட்டான்.

"தேனியில எத்தனை நாளா?"

"மூணு மாசமாங்கம்மா."

"மூணு மாசமாவா?" மாயக்காள் மகனைப் பார்த்தா. "போன திங்கக்கிழமை பெங்களூருல ஒரே மழைன்னியே ஏலே. குடை வாங்கிக்கய்யான்னு சொன்னேனே. நீ சாமியை மாத்திக்கிட்டா அது உன் பாடு. என்னை எதுக்குடா ஏமாத்துன?"

"ஆத்தா, நானே வந்து சொல்லணும்னுதான்..."

அவ காதுல வாங்கல. ராஜமணிகிட்டக் கேட்டா: "உங்க ஆத்தாகிட்டச் சொல்லிட்டு வந்தியாப்பா?"

"சொல்லிட்டுத்தானுங்கம்மா வந்தேன்."

சட்டியேந்திச் சிவந்து போன கையால ராஜமணி கன்னத்தைத் தடவி, "நல்லாயிருப்பா"ன்னா. மகன் பக்கம் திரும்பாமலே போயிக் கூடலூர் வேன்ல ஏறிட்டா.