திறந்துவைத்த இடது காது

என் தம்பியை நான் அறைந்தது பிறை ஊரில் நாங்கள் வேலை பார்த்த பட்டறையில், காலை டீ இடைவேளைக்குச் சற்று முன்பு. உள்ளங்கை முழுதாக அவன் இடது காதில் விழுந்தது. முப்பத்தொரு வயது ஆள், இரண்டு பிள்ளைக்கு அப்பன், தகரக் கழிவுக் கூடையின் மேல் போய் விழுந்தான். எழுந்தவன் சும்மா இருக்கவில்லை. என் வாயில் ஒரு குத்து விட்டான். முன்பல் பாதி உடைந்து நாக்கில் கிடந்தது. நான் அவன் சட்டையைப் பிடிக்க, அவன் என் கழுத்தைப் பிடிக்க, நாலு பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள். அப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் ஒன்று விட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே பிரஸ் மெஷினில் வேலை பார்த்தோம். தகரத்தை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற மெஷின் அது. மிதிகட்டை என் காலில். தகரத்தை வைப்பதும் அச்சில் சிக்கிய துண்டை எடுப்பதும் எதிர்ப்பக்கம் நிற்கும் தம்பியின் வேலை. அவன் கை எனக்குத் தெரியாது, தோள் மட்டும் தெரியும். கையை உள்ளே விடும் முன் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவான். உடனே நான் காலை எடுத்துவிட வேண்டும். அங்கே எல்லா ஜோடிக்கும் இதுதான் ஏற்பாடு. அதற்காக மிதிக்கிறவன் வலது காதை மட்டும் அடைத்து, இடது காதைத் திறந்து வைத்துக்கொள்வான். பதினெட்டு வருஷமாக நான் அப்படித்தான். தட்டுகிறவன் இரண்டையும் அடைத்துக்கொள்ளலாம். தம்பி அடைத்துக்கொள்வான். பயந்தாங்கொள்ளி என்று நான் அவனைக் கிண்டலடிப்பேன்.

அன்று காலை புழுக்கம் தாங்காமல் பெரிய விசிறி ஒன்றை எங்கள் நடுவே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தட்டுச் சத்தம் வரவில்லை. மிதித்தேன். அச்சு இறங்கிய நொடியில் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் அவன் கையுறையின் விரல் நுனி மட்டும் அச்சுக்கடியில் நசுங்கிக் கிடந்தது. விரல் தப்பியிருந்தது. பயம் கோபமாக மாற எனக்கு நேரம் ஆகாது, பிறவிக் குணம் அது.

அவன் காதடைப்பைக் கழற்றினான்.

"தட்டாம ஏன்டா கைய விட்டே?"

"தட்டுனேண்ணே. ரெண்டு தட்டு."

"பொய் சொல்லாதடா."

"சத்தியமா தட்டுனேன்லா."

அந்தச் சத்தியத்துக்குத்தான் அறை விழுந்தது.

முதலாளி இருவரையும் வீட்டுக்குத் துரத்தினார். சுங்கை பினாங்கில் ஒரே அடுக்குமாடியில்தான் குடியிருந்தோம். மூன்றாம் நாள் அவன் மனைவி என் வாசலில் வந்து நின்றாள்.

"உங்க தம்பிக்கு இடது காது கேக்கல. உய்யுன்னு ஒரு சத்தம் மட்டும் ஓயாம கேக்குதாம்."

"ஒரு அறைக்கு யாராச்சும் செவிடாவாங்களா?"

"அவரு பொய் சொல்றவரு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளில் அவனை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க என்மேல் கை படாமல் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தான்.

செவிப்பறை கிழிந்திருக்கிறது, அது தானே மூடிவிடும், உள்காதுதான் சந்தேகம் என்றார் டாக்டர். மாத்திரையும் வேலைக்குக் காட்ட எம்.சி. விடுப்புச் சீட்டும் எழுதினார். கேட்கும் திறனைச் சோதிக்கிற தமிழ்ப் பெண் படம் காட்டி விளக்கினாள்.

"உள்ள நத்தைக்கூடு மாதிரி ஒரு இடம்ணே. முடி வச்ச செல்லுங்க அதுல வரிசையா நிக்குது. அடி விழுந்தா முடி சாஞ்சிரும், செல்லுக்குள்ள நச்சு சேரும். ஆனா உடனே சாகாது. சேர்ந்த நச்ச முறிக்கும், கெட்டுப்போன புரதத்தச் சரிபண்ணும். அமைதியா விட்டா பல செல்லு பொழச்சிரும். விடாம அடிச்சா ஒரு கட்டத்துல அதுவே தன்ன அழிச்சுக்கும். போனது திரும்ப முளைக்காது."

"தம்பிக்கு?"

"காத அடச்சே வேலை செஞ்சிருக்காரு. அதனால அதுங்ககிட்ட இன்னும் தெம்பு இருக்கும். ரெண்டு வாரம் சத்தமே கூடாது."

அந்த இரண்டு வாரமும் நான் சத்தத்தோடு சண்டை போட்டேன். கீழே மோட்டாரை உறுமவிட்டவனின் சாவியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். பட்டாசு வெடித்த ஒருவனைச் சுவரோடு சேர்த்து நெரித்தேன். தம்பி மகள் தட்டைக் கீழே போட்டால்கூட மேல்மாடிக்கு ஓடினேன். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடித்தது தப்பு, பொய் சொன்னது அவன். இதில் நான் அசையவே இல்லை.

இரண்டாம் சோதனையில் அவனுக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் திரும்பியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என் இடப்பக்கம் நின்று ஏதோ கேட்டிருக்கிறாள். நான் திரும்பவில்லை. தம்பி என் தோளைத் தொட்டுச் சொன்னான். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நீங்களும் உட்காருங்கள் என்றாள்.

கண்ணாடி வைத்த சின்ன அறை. சத்தம் கேட்டால் பித்தானை அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது. இடது காதில் முதலில் தடித்த ஓசைகள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். தம்பி என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கதவைத் திறந்தபோது, அடுத்த சத்தம் எப்போது வரும் என்று கேட்டேன்.

"முடிஞ்சிருச்சுண்ணே. கூர்மையான சத்தம் இந்தக் காதுக்கு எட்டல. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல."

அப்படியானால் இத்தனை நாளும் அவன் தோள் சாய்வதைப் பார்த்துத்தான் காலை எடுத்திருக்கிறேன். அன்று தோளை விசிறி மறைத்துவிட்டது. தம்பி என் ஹெல்மெட்டை எடுத்துக் கையில் கொடுத்தான். அதற்குப் பதில் அவன் இன்னொரு பல்லை உடைத்திருக்கலாம்.

மோட்டார் நிறுத்தும் கொட்டகையில் வலது காதை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"தட்டுடா."

சாவியால் இரும்புத் தூணில் இரண்டு தட்டு தட்டினான். சாவி தூணில் படுவதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காவலாளி திரும்பிப் பார்த்தார். என் காதுக்குள் எதுவும் வரவில்லை.

"கேட்டுச்சாண்ணே?" என்றான். அவன் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். கேட்டது என்று சொல்லிவிடத்தான் முதலில் வாய் வந்தது.

"இல்லடா" என்றேன். "அன்னைக்கும் நீ தட்டியிருக்கே."