‘இல்லை’ என்று எழுதப்பட்ட ஊற்று

புன்னைக்காயல், காலை 5.20.

வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஆத்தூர் போகும் முதல் பேருந்தில் மீன் கூடைகளுக்கு நடுவே ஒரு இடம் கிடைத்தது. மடியில் துணிப்பை, பைக்குள் நான்கு பக்க மனு. ஊர் ஊராக அலைந்து வாங்கிய கையெழுத்துகளை அதன் பின்னால் நூல் போட்டுத் தைத்திருந்தேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஆற்றோரத் தொகுதி ஒன்றின் சட்டமன்ற உறுப்பினர் மாலை மூன்று மணிக்கு மனு வாங்குகிறார் என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த கூட்டத்தொடரில் ஆற்றைப் பற்றிப் பேசப்போகிறாராம். அவரிடம் கொடுக்கத்தான் இந்தப் பயணம்.

எங்கள் ஊரில்தான் தாமிரபரணி கடலில் சேர்கிறது. ஆறு முடியும் இடத்தில் பிறந்த எனக்கு, அது மலையை விட்டு இறங்கும் பாபநாசத்தை இந்த அறுபத்தொரு வயது வரை பார்க்க வாய்க்கவில்லை. ஊர்க் கிணறுகளில் உப்பு. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் லாரித் தண்ணீர்தான், குடம் பத்து ரூபாய். கடலுக்குப் போய்வரும் எங்கள் ஆட்கள் கரையேறியதும் முதலில் கேட்பது, “தண்ணி வந்திச்சா?” என்றுதான்.

ஏரல், காலை 6.40.

ஆத்தூரில் பேருந்து மாறி, முக்காணிப் பாலம் தாண்டி, கொற்கை விலக்கு வழியாக ஏரல் வந்தேன். கடைவாசலில் சங்கரலிங்கம் அண்ணாச்சி நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. ஏரலுக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கும் ஒரு கிராமத்தில் அவர் வி.ஏ.ஓ.வாக இருந்தார், நான் கிராம செவிலியர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் குடியிருப்பவர்களுக்குச் சங்கடம். பல வருடம் ஒரே ஊரில் வேலை பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றோம்.

“சாப்டாச்சா, சிஸ்டர்?”

“இன்னும் இல்ல, அண்ணாச்சி. அந்த இடத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிரலாம். கேட்டாங்கன்னா இன்னைக்குப் பாத்ததாச் சொல்லணும்லா.”

அவர் ஆட்டோவைக் கைகாட்டினார்.

அந்த இடம் என்று நான் சொன்னது ஊற்று இருந்த இடம். ஆற்றங்கரைச் சரிவில், மருத மரத்து வேருக்குக் கீழே, மணலுக்குள்ளிருந்து தண்ணீர் பொங்கி வரும். ஆற்றில் கணுக்கால் அளவுகூட நீர் ஓடாத கோடையிலும் அது ஓடும். மூன்று ஊர்ப் பெண்கள் அங்கேதான் குடம் நிறைப்பார்கள். பிரசவம் பார்க்கப் போகும் வீடுகளில், “ஊத்துத் தண்ணி இருக்கா? அதக் கொதிக்க வைங்க” என்றுதான் முதலில் சொல்வேன்.

இப்போது மரமும் இல்லை, சரிவும் இல்லை. அந்த இடத்தை எடுத்த தண்ணீர் வியாபாரி மண் கொட்டி மேடாக்கி, நான்கு பக்கமும் சிமெண்டுச் சுவர் எழுப்பியிருந்தார். உள்ளே போர் மோட்டார் ஓடும் சத்தம். வாசலில் ஒரு தண்ணீர் லாரி குழாய்க்குக் கீழே நின்று நிறைந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

“சிஸ்டர், நீங்க எங்க இங்கன? நம்ம கோயில் தெருதானே நீங்க? நேத்து உங்க வீட்டுக்கு ஆறு குடம் ஊத்துனேம்லா.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “இங்கேருந்தா எங்க ஊருக்குக் கொண்டு வாரீங்க?”

“பின்ன? கடக்கரைக்கு இதுதான் நல்ல தண்ணி. சுண்ணாம்பு இல்ல, உப்பு இல்ல. ஊத்துத் தண்ணி மாரி இருக்கும்.”

அவர் நல்ல மனுஷன். பெருமையாகத்தான் சொன்னார். இரண்டு வருடமாக இந்த ஊற்றுக்காகக் கையெழுத்து வாங்கி அலைந்தவள் நான். அதே இரண்டு வருடமாக, அதைப் புதைத்தவனிடமிருந்து அதன் தண்ணீரையே விலைக்கு வாங்கிக் குடித்திருக்கிறேன். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்காமல் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார். வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநெல்வேலி, காலை 10.15.

ஏரலிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வழியாக வந்த பேருந்து வண்ணார்பேட்டை ஆற்றுப்பாலத்தில் வெகுநேரம் நின்றது. முன்னால் ஏதோ நெரிசல். ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். ஆகாயத்தாமரை இரண்டு பாறைகளுக்கு நடுவே பாய் விரித்ததுபோல் கிடந்தது. கரையோரம் கறுப்பாக ஒரு ஓடை வந்து ஆற்றில் சேர்ந்தது. சேரும் இடத்தில் நுரை. பத்தடி தள்ளி ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று தலை முழுகி எழுந்து சூரியனைக் கும்பிட்டார். பேருந்தில் யாரும் அதைப் பார்க்கவில்லை. தினம் பார்ப்பதுதானே.

புதிய பேருந்து நிலையத்தில் இட்லி சாப்பிட்டோம். தேநீர் பன்னிரண்டு ரூபாய். 10.50க்கு முக்கூடல் வழியாகப் பாபநாசம் போகும் பேருந்து கிடைத்தது.

பேட்டையைத் தாண்டியதும் அண்ணாச்சி, “அந்த மனுவ ஒருக்கத் தாங்க” என்றார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். அதில் நான் எழுதியிருந்தேன்: ‘வருவாய்ப் பதிவேட்டில் ஊற்று என்று இருந்த இடத்தை, யாரோ ஒருவர் நேரில் பாராமலே, ஊற்று ஏதும் இல்லை என்றும் தரிசு என்றும் பொய்யாக எழுதியிருக்கிறார்.’ தாலுகா ஆபீசில் யாரோ செய்த வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பக்கத்தை அவர் முன்பே படித்திருக்கிறார். இரண்டு எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்திக் கொடுத்திருந்தார்.

“சிஸ்டர், இதுல ‘நேரில் பாராமலே’ன்னு இருக்கு. அது தப்பு.”

“ஏன்?”

“நேர்ல பாத்துட்டுத்தான் எழுதுனேன்.”

பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் காகிதத்தையே பார்த்தபடி, பைய, யாருக்கோ வாக்குமூலம் கொடுப்பதுபோலச் சொன்னார்.

“அன்னைக்கு அங்க தண்ணி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன். குடிச்சிட்டு ஆபீசுக்கு வந்து இல்லன்னு எழுதுனேன். மேல இருந்து சொன்னாங்க. எழுதலன்னா கோவில்பட்டி பக்கம் மாத்திருவோம்னாங்க. மக அப்ப பன்னெண்டாம் வகுப்பு. ஒரு வருசம் ஓடிரட்டும்னு நெனச்சேன். பைசா வாங்கல, சிஸ்டர். அதச் சொல்லி என்னத்துக்கு?”

“இத்தன நாளு எங்கூட வீடு வீடா ஏறி எறங்குனீங்களே?”

“அதுக்காகத்தான் ஏறி எறங்குனேன்.”

நான் எழுந்து பின்னிருக்கைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊற்று மூடிய வருடத்துக் கோடையில் ஊருக்குள் ஆழ்குழாய்த் தண்ணீரைக் குடித்து எத்தனை குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று என் பதிவேட்டில் நானே எழுதினேன். உப்பு சர்க்கரைக் கரைசலோடு தெருத்தெருவாக நடந்தேன். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த மனிதர் காரணம் தெரிந்தும் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முக்கூடல், பகல் 12.05.

முக்கூடலில் பீடி இலைக் கட்டோடு ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. “இங்க ஆறு நல்லா இருக்கா?” என்று கேட்டேன்.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. குளிச்சா சொறியுது. நாங்க வீட்டுக் கொழாய்லதான் குளிக்கோம். ஆத்துக்கு இப்ப செத்தவங்களுக்குக் காரியம் கழிக்கத்தான் போவோம்.”

“யார்ட்டயாவது சொன்னீங்களா?”

அவர் சிரித்தார். “யார்ட்ட சொல்ல? ஓட்டுக் கேக்க வரும்போது ஆத்தத் தாண்டித்தான வாராங்க. அவங்களுக்குக் கண்ணு இல்லயா?”

முன்னிருக்கையில் அண்ணாச்சியின் தலை குனிந்தே இருந்தது. அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது அவர் என் பையை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. “நீங்க வாரதும் வராததும் உங்க இஷ்டம்” என்றேன்.

“வாரேன்” என்றார்.

அம்பாசமுத்திரம், மாலை 3.30.

மண்டபத்தில் வரிசை நீளம். பட்டா கேட்டு வந்தவர்கள், முதியோர் உதவித்தொகை கேட்டு வந்தவர்கள். ஆற்றுக்காக வந்தது நாங்கள் இருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன். உறுப்பினர் நடுத்தர வயதுக்காரர். குரலில் மரியாதை இருந்தது. நான் நீட்டியதை உண்மையாகவே படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

“நீங்க சொல்லுத ஊத்து பதிவேட்டுல இல்லயேம்மா. இல்லாத ஊத்தக் காப்பாத்துங்கன்னு நான் சபையில எப்படிக் கேக்க?”

நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி முன்னால் வந்தார்.

“இருந்திச்சு, ஐயா. இல்லாம ஆக்குனது நான்தான். என் கையெழுத்து.”

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உறுப்பினர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“பெரியவரே, என்ன பேசுதோம்னு தெரியுதா? பென்ஷன் போயிரும்.”

“தெரியும். எழுதியே கொண்டாந்திருக்கேன்.” சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். நேற்றே எழுதியிருக்கிறார். என் கோபம் அப்போதும் போகவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

“சார்,” என்றேன், “இவரு ஒரு ஆளு. ஆத்தோரம் எத்தன ஊத்து, எத்தன சுன, எத்தன ஓட? ஒரு ஆளு மாற்றலுக்குப் பயந்தா ஒரு ஊத்து செத்துப்போவுது. அதக் கேக்க ஒரு சட்டம் வேண்டாமா? ஊத்துன்னு எழுதுனத அழிக்கணும்னா ஊரக் கூட்டிக் கேக்கணும்னு ஒரு வரி போடக் கூடாதா? மூடுனதத் தோண்டிக் குடுக்கணும்னு ஒரு வரி?”

உறுப்பினர் மனுவை மூடினார். பிறகு சொன்னது பொய்யில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

“அம்மா, எனக்கு அங்க பேச நிமிசக் கணக்குலதான் நேரம் குடுப்பாங்க. அதுக்குள்ள ரோடும் கேக்கணும், ஆஸ்பத்திரியும் கேக்கணும். ஊத்துக்கு ஓட்டு கெடயாது. நான் கேட்டாலும் பக்கத்துல இருக்கவங்க சிரிப்பாங்க. வச்சிட்டுப் போங்க. முயற்சி பண்ணுதேன்.”

மனுவை வலப்பக்கத்து அடுக்கில் வைத்தார். அண்ணாச்சியின் காகிதத்தை மட்டும் உதவியாளரிடம் தனியாகக் கொடுத்தார். அடுத்து நின்ற அம்மாள் வீட்டுமனைப் பட்டாவை நீட்டினார்.

பாபநாசம், மாலை 5.10.

அம்பாசமுத்திரத்திலிருந்து பத்து கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போக மனமில்லை. கோயிலுக்கு முன்னால் படித்துறை. மலை அத்தனை பக்கத்தில் நின்றது. பாறைகளுக்கு நடுவே பச்சைக் கண்ணாடிபோல் தண்ணீர். அடியில் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது, மீன்கள் கூட்டமாக நின்றன. எங்கள் ஊரில் சேறும் உப்புமாக வந்து நிற்பது இந்த ஆறுதானா?

ஆனால் படியோரம் பார்த்தால், குளித்தவர்கள் விட்டுப்போன சேலையும் வேட்டியும் பாறையில் சுற்றிக் கிடந்தன. ஷாம்பு உறைகள் மிதந்தன. ஆறு தொடங்கும் இடத்திலேயே நாமும் அழுக்காக்கத் தொடங்கிவிடுகிறோம்.

“முழுகிட்டு வாங்களேன், அண்ணாச்சி. பாவம் போகும்னுதானே எல்லாரும் வாராங்க” என்றேன். பேருந்தில் அதைக் கேட்ட பிறகு அவரிடம் நானாகப் பேசிய முதல் நல்ல வார்த்தை அதுதான்.

அவர் கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். கால்கூட நனைக்கவில்லை.

“வேண்டாம், சிஸ்டர். போயிட்டுன்னா அப்புறம் அத யாரு ஞாபகம் வச்சிருக்கது?”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியோரம் குனிந்தார். பாறையில் சிக்கியிருந்த சேலை ஒன்றைக் குச்சியால் இழுத்து எடுத்துக் கரையில் போட்டார். பிறகு இன்னொன்று. நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உதவினேன். ஏழோ எட்டோ எடுத்திருப்போம். எடுக்க எடுக்க, மேல்படியில் ஒரு குடும்பம் குளித்து முடித்துத் துணிகளை நீரில் விட்டது. 6.15 பேருந்தைப் பிடித்தோம்.

இதை எழுதும்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் கடல்நீர் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று வலைக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். லாரித் தண்ணீரை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். நான்கு நாள் கிணற்று நீரைக் குடித்துவிட்டு மறுபடி வாங்கினேன். வேறு வழியில்லை. கூட்டத்தொடர் நடந்து முடிந்தது. ஊற்று என்ற சொல் அங்கே யார் வாயிலிருந்தும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

இதைப் படிப்பவர்களில் சட்டசபைக்குள் போகும் உரிமை உள்ளவர் ஒருவராவது இருந்தால் அவரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்றங்கரையில் ஒரு நாள் கீழிருந்து மேலே போய்ப் பாருங்கள். காரில் வேண்டாம், பேருந்தில். ஊற்றுகளையும் சுனைகளையும் ஓடைகளையும் ஊர்வாரியாக எழுதி வையுங்கள். எழுதியதை அழிக்க ஒரு கையெழுத்து போதாது என்று ஆக்குங்கள். மூடியவற்றைத் திறக்க உத்தரவிடுங்கள். இன்னும் தண்ணீர் அடியில்தான் இருக்கிறது. மோட்டார் போட்டு எடுக்கிறார்களே, பிறகென்ன சாட்சி வேண்டும்?

எங்கள் மனுவுக்கு ஒரு பதில் வந்தது. உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரே வரி. அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது, விசாரணைக்கு நேரில் வரச் சொல்லி. போனார். மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி போனார். போன வாரம் மூன்றாம் முறை. யார் சொல்லி எழுதினீர், எதற்கு எழுதினீர், இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். பென்ஷன் இப்போதைக்கு நிற்கவில்லை, நிற்கலாம் என்கிறார்.

“அந்த இடத்த வந்து பாக்கதாச் சொன்னாங்களா?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“இல்ல, சிஸ்டர். ஊத்து எங்கன இருந்துச்சுன்னு இதுவர ஒருத்தரும் கேக்கல.”