தாழிக்கு ஊற்றிய தண்ணீர்

நம் குசினி யன்னலில், அடுப்புக்குப் பக்கத்தில், பச்சை மூடி போட்ட ஒரு பழைய சோடாப் போத்தல் நிற்கிறதே, போன கிழமை வீடு கூட்டும்போது சின்ன மகள் அதைக் குப்பையோடு எறியப் போனாள். நான் சத்தம் போட்டுவிட்டேன். அவள் பயந்துபோய், "வெறும் போத்தல்தானே வாப்பா" என்றாள். அவள் சொன்னது சரி. வெறும் போத்தல்தான். அதில் ஒருநாள் இருந்த தண்ணீரைப் பற்றித்தான், பிள்ளைகளே, இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

அது உங்கள் மாமியின் போத்தல். எனக்கு அவர் ராத்தா, கூடப்பிறந்த மூத்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தவர், வாய்க்கு வாய் பகிடி விட்டவர் என்றுதான் உங்களுக்கு அவரைத் தெரியும். மாமிக்குப் பிள்ளை இல்லை என்று நினைத்திருப்பீர்கள். இருந்தான். நீங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு, ஒரு மகன். பிறந்து நாற்பது நாள் முடியும் முன்பே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டான். எங்கள் ஊரில் பெண்கள், அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சின்னப் பொதியை எங்கள் வாப்பா கையில் ஏந்திக்கொண்டு ஒழுங்கை முடக்கில் திரும்பியதை, ராத்தா அறை யன்னலால் பார்த்ததோடு சரி. மச்சான், ராத்தாவின் புருஷன், அப்போது சவூதியில். நான் சிலாபத்தில் லொறிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

திரும்பி வந்தவர்களிடம் ராத்தா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "எவடத்துல வெச்சீங்க?" புளியமரத்துப் பக்கம் என்றார் வாப்பா. சுவரோரம் என்றார் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா. அவர்கள் வேறு வேறு இடத்தைச் சொல்கிறார்கள் என்பது அன்றைய அழுகையில் யாருக்கும் உறைக்கவில்லை, ராத்தாவைத் தவிர. அடையாளத்துக்குத் தலைமாட்டில் நட்ட மீசான் பலகையைப் பிறகு கறையான் தின்றது. ஒரு மாரியில் வந்த வெள்ளம் சின்னக் கபுறுகளின் மண்மேட்டையெல்லாம் கரைத்துச் சமமாக்கிவிட்டது. வாப்பாவும் சாச்சாவும் கண்ணை மூடிய பிறகு கேட்க ஆளும் இல்லை. மையவாடிச் சுவர் இடுப்பளவுதான். அந்த வழியால் போகும்போதெல்லாம் ராத்தாவுக்குச் செருப்பு வார் கழன்றுவிடும். குனிந்து, நிமிர்ந்து, சுவருக்கு மேலால் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடப்பார். நல்ல செருப்புத்தான் என்று எனக்குத் தெரியும்.

நான் வான் ஓட்டத் தொடங்கிய பிறகு ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா ஏற்றிப் போனேன். புத்தளத்துக்கு வடக்கே, கடலோரக் காட்டுக்குள், ஆதிகால மனிதர் மௌத்தானவர்களை அடக்கிய மேடு ஒன்று இருக்கிறது. சரித்திரம் படிப்பிக்கும் சேர்தான் கூட்டிப்போனார். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு ராத்தாவும் வந்தார். செம்மண் மேடு, சுற்றிலும் பாலை மரமும் சூரைப் பற்றையும். பெரிய பெரிய மண் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். தோண்டிப் பார்த்தவர்கள் திரும்ப மூடிவிட்டதால், அங்கங்கே தாழியின் வாய் விளிம்பு மட்டும், பாதி தேய்ந்த வளையல் மாதிரி, மண்ணுக்கு மேலே தெரிந்தது. யானை லத்தியைக் கண்டு பிள்ளைகள் கூத்தடித்தார்கள். சேர் ஒரு விளிம்பின் பக்கத்தில் நின்று, "இப்பிடித் தாழி ஒண்டுல பெரிய ஆளுட எலும்போட பச்சப் புள்ளட எலும்பும் இருந்திச்சாம்" என்றார்.

பின்னால் சோற்றுக் கூடையோடு நின்ற ராத்தா முன்னால் வந்தார். "அந்தப் பெரிய ஆளு உம்மாவா சேர்?"

"ஆரெண்டு சொல்லேலாது ராத்தா. ஒரு குடும்பமா இருக்கலாம்."

"உம்மா இல்லாட்டி வேற ஆரு புள்ளயோட படுப்பா?" என்று கேட்டவர், குனிந்து விளிம்பைப் பார்த்து, "புள்ளய அடக்கக்குள்ள அவவும் வந்து நிண்டிருப்பாவா?" என்றார்.

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத எலும்பு சொல்லாது ராத்தா."

பிள்ளைகளை அவர் அடுத்த பக்கம் கூட்டிப் போனார். ராத்தா அசையவில்லை. பற்றையில் ஒரு பச்சைக் கொப்பை முறித்து அந்த விளிம்போரம் குத்தினார். கபுறை மூடிய பிறகு நாங்கள் கொப்பு நட்டுத் தலைமாட்டிலிருந்து தண்ணீர் ஊற்றுவோமே, அதே மாதிரி. பிறகு இந்தப் பச்சை மூடிப் போத்தலைத் திறந்து, தலைமாடு எதுவென்று தெரியாததால் வளையத்தைச் சுற்றிச் சுற்றி ஊற்றினார். செம்மண் சத்தத்தோடு உறிஞ்சியது. நல்ல உச்சி வெயில்; வண்டியில் கொண்டுவந்த தண்ணீரும் முடிந்துவிட்டது, அவர் குடிக்க வைத்திருந்தது அது ஒன்றுதான். திரும்பி ஓடி வந்த ஒரு பொடியன், "மாமி மண்ணுக்குத் தண்ணி ஊத்துறாங்க, முளைக்கப் போகுது!" என்று கத்தினான்.

"முளைச்சா முதல் காய் ஒனக்குத்தான், போ" என்றார் ராத்தா. குரல் பகிடிதான். முகம் பகிடியில் இல்லை.

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கிட்டப் போய், "என்ன ராத்தா இது, இவங்க நம்மட ஆக்கள் இல்லயே" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்மட ஆக்களெண்டா என்னயக் கிட்ட விடுவீங்களா தம்பி?"

அவருடைய சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து ஆசனத்தில் இருந்தார். வழியில் கடையில் நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். உப்பளம் வெள்ளையாகத் தெரியத் தொடங்கிய இடத்தில் மட்டும், "குடுத்து வெச்சவ" என்றார். தாழியில் இருந்தவளைத்தான்.

போன மாரியில் ராத்தா படுத்த படுக்கையானதும் நீங்கள் அவர் கால் பிடித்து விட்டதும் உங்களுக்கே தெரியும். ஒருநாள் உங்களை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார். "என்னய மகன்ட பக்கத்துல வெய்யிங்க தம்பி" என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஊரில் மிஞ்சியிருந்த வயசாளிகள் எல்லோரையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் புளியைச் சொன்னார். மற்றவர் சுவரைச் சொன்னார். ராத்தா மௌத்தான அன்று கபுறு வெட்ட வந்தவர் மண்வெட்டியோடு, "எவடத்துல வெட்டுற?" என்று என் முகத்தைப் பார்த்தபோது, புளிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடத்தைக் காட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மூடிய பிறகு ஒரு கொப்பு குத்தி, இந்தப் போத்தலால்தான் தண்ணீர் ஊற்றினேன்.

ஊர் வழக்கத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உங்களில் யாரும் செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டு அந்தச் சுவரோரம் நிற்கக் கூடாது, அதற்காகத்தான். வெள்ளிக்கிழமை நான் மையவாடிக்குப் போகும்போது சின்ன மகள் அந்தப் போத்தலை நிரப்பித் தரட்டும். எல்லோரும் சுவர் வரைக்கும் வாருங்கள். நான் உள்ளே போய், தண்ணீர் ஊற்றிவிட்டு, வெறும் போத்தலை உயர்த்திக் காட்டுவேன். அந்த இடத்தை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாமி அங்கேதான் இருக்கிறார். மகன் பக்கத்தில் இருக்கிறானா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.