என்டரைத் தட்டும் முன்

கட்டளையைத் தட்டி முடித்ததும் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, திரையில் நிற்கும் அந்த ஒற்றை வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை பின்னோக்கி முணுமுணுக்கிறார். "எங்க போகுது, எங்கேருந்து போகுது, என்ன பண்ணப் போகுது." மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகுதான் வலது கை மடியை விட்டுக் கிளம்பும். தொலைபேசி அலறினாலும், பின்னால் ஒரு டாக்டர் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாலும், இந்த வரிசை மாறாது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினிகளைக் கட்டிக் காப்பது அவர் வேலை. சாதாரண நாட்களில் எல்லோருக்கும் அவர் மேடம். ஏதாவது ஆக வேண்டியிருந்தால் ரூட்டம்மா. ரூட் என்பது கணினியில் சகல அதிகாரமும் உள்ள கணக்கின் பெயர். "ரூட்டம்மான்னு ஒருத்தன் குழைஞ்சா லீவு கேக்கப் போறான்னு அர்த்தம்" என்பார்.

சர்வர் அறையில் எப்போதும் குளிர். கணவருடைய பழைய பழுப்பு ஸ்வெட்டரை, கை நீளத்தை மடித்துவிட்டுப் போட்டுக்கொள்வார். உள்ளே நுழைந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன் வாசலில் நின்று கொஞ்சம் காது கொடுப்பார். "மூணாவது பெட்டி இருமுதுப்பா, மின்விசிறியைப் பாரு." போய்ப் பார்த்தால் மின்விசிறியில் தூசி அடைத்திருக்கும்.

அவருடைய மகளும் கணினிக்காரிதான். நிரல் எழுதிப் பிழைக்கிறாள். அப்பா இறந்த பிறகு வீட்டில் தனியாக உட்கார முடியாமல், விடுப்பு எடுத்த நாட்களில் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார் என்பது பள்ளி நாளிலிருந்து தெரியும். பார்த்தது அப்போதுதான்.

வண்ண வண்ணமாக வட்டமும் கட்டமும் காட்டும் பெரிய திரை ஒன்று சுவரில் இருக்கிறது. அம்மா அதைக் குறை சொல்வதில்லை. "அது நல்லா இருக்கு. பாக்க வர்றவங்களுக்கு." அவர் பார்ப்பது கருப்புத் திரையை. அதில் கைவேலை என்று ஒரு அடைவு, அதாவது ஃபோல்டர். உள்ளே அவரே எழுதிவைத்த சின்னச் சின்னக் கருவிகள். எதற்கும் புத்தகத்தில் உள்ள பெயர் கிடையாது. டிஸ்கில் எவ்வளவு இடம் பாக்கி என்று சொல்வதற்குப் பெயர் 'எவ்ளோமிச்சம்'. கணினி தானே எழுதிவைக்கும் பதிவுகளில் கடைசியாக என்ன ஓடுகிறது என்று காட்டுவது 'என்னசத்தம்'. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று துப்புச் சொல்வது 'யார்கையில'. எல்லாம் இரண்டு வரி, மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒன்று கக்குவதை அடுத்ததன் வாயில் ஊட்டி, அது கக்குவதை இன்னொன்றுக்கு ஊட்டி, லட்சம் வரிகளிலிருந்து தனக்கு வேண்டிய ஒரு வரியைப் பிடித்து நிறுத்துவார். மகள் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கு ஒரு குழு உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்துக்கு முன் ஒரு கூட்டமும் உண்டு.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுகளுக்குப் போகாமல் நின்றன. எதற்கும் பறப்பதால் அவசரம் என்று பெயர் வாங்கிய சக ஊழியர் ஓடி வந்தார்.

"மேடம், டிஸ்க் நெறைஞ்சு போச்சு. பெரிய ஃபைல் ஒண்ணு கெடந்தது, அழிச்சிட்டேன். ஆனா இடம் மட்டும் வரல. மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா?"

"முதல்ல கையைப் பாக்கெட்ல வை."

அவசரம் உண்மையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா 'யார்கையில' தட்டினார். கைகள் மடிக்குப் போயின. வரியைப் படித்தார். பிறகு என்டர்.

"இங்க பாரு. நீ அழிச்சது பேரைத்தான். ஃபைல் அப்படியே இருக்கு. ரிப்போர்ட் அனுப்புற ப்ரோக்ராம் அதை இன்னும் பிடிச்சுக்கிட்டிருக்கு. ஒருத்தர் பிடிச்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் அது எங்கயும் போகாது."

"அழிச்ச ஃபைலா?"

"அழிச்ச ஃபைல்தான்."

அந்த ஒரு நிரலை மட்டும் கோப்பை விட்டுவிடச் சொல்லி ஒரு வரி தட்டினார். இடம் வந்தது. முடிவுகள் போயின. எந்த இயந்திரமும் அணையவில்லை. பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, ஒருத்தரைக் கையை விடச் சொன்னேன்" என்று வைத்துவிட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். இதையெல்லாம் அவள் படித்துத் தேர்வு எழுதியவள். தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல் ஒருவர் இதைச் செய்து அவள் பார்த்ததில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் செய்தித்தாள் வந்திருக்காது. வந்ததும் அப்பா அதை உரக்கப் படித்து, கைபேசியில் பதிவுசெய்து அம்மாவுக்கு அனுப்பிவைப்பார். வருடக்கணக்கில் தினமும். "இன்னைக்கு செவ்வாக்கிழமை" என்று தேதியோடு தொடங்குவார். "செய்தி வாசிக்கிறது உன் வீட்டுக்காரன்." அரசியல், விளையாட்டு, கடைசியில் வானிலை. நடுநடுவே சொந்தச் சரக்கு. மரண அறிவிப்புப் பக்கம் வந்தால் சரசரவென்று புரட்டும் சத்தம் கேட்கும். "நம்ம ரெண்டு பேரையும் இதுல போடல. அதனால நீ ஒழுங்கா வேலையைப் பாரு." சர்வர் அறையில் ஒரு காதில் இயந்திரம், ஒரு காதில் அப்பா என்றுதான் அம்மா வேலை பார்த்திருக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதிவை, செருப்பு அலமாரியின் மேல் இருக்கும் சின்னக் கணினியில் போட்டுவைப்பார்.

போன மழைக்காலத்தில் அப்பா போனார். இப்போது காலையில் சமையலறை ஸ்பீக்கரில் ஏதோ ஒரு பழைய நாளின் செய்தி ஓடுகிறது. எப்போதோ முடிந்த தேர்தல், எப்போதோ பெய்த மழை.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி வைத்திருப்பவர் அம்மா. ஒன்று வேறு கட்டடத்தில், இரும்பு அலமாரிக்குள். அப்பாவின் குரல் மட்டும் ஒரே டிஸ்கில் இருந்தது.

"ஏம்மா, இதுக்கு இன்னொரு காப்பி எங்க?"

"எடுக்கணும்."

"எப்போ?"

"எடுக்கணும்டி. எடுத்து மூடி வெச்சா எல்லாம் முடிஞ்சு போன மாதிரி இருக்கு."

மகளே ஒரு புது டிஸ்க் வாங்கி வந்து மேசையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வெங்காயம் நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்தார். சமையலறையில் அப்பா விளையாட்டுப் பக்கத்தில் இருந்தார்.

இதற்கு அம்மா கையாளும் கருவி ஆர்சிங்க். இரண்டு இடங்களை ஒன்றுபோல ஆக்கும். முதலில் சொன்ன இடத்தைப் பார்த்து இரண்டாவதை அப்படியே மாற்றும். முதலாவதில் இல்லாத ஏதாவது இரண்டாவதில் இருந்தால், அழிக்கச் சொல்லியிருந்தால், அதையும் அழிக்கும். சொன்ன பேச்சைக் கேட்கும் கருவி. ஏன் என்று கேட்காது.

அம்மா வரியைத் தட்டி முடித்தார். கைகள் மடிக்குக் கிளம்பின. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அப்பா, "இந்தக் கோல்கீப்பருக்கு உன் தம்பியே தேவலாம், கல்யாணப் பந்தியில ஒரு வடையைக்கூடத் தாண்ட விட்டதில்ல" என்றார்.

அம்மா சமையலறைப் பக்கம் திரும்பினார். "சும்மா இருங்க, என் தம்பியை இழுக்கலைன்னா உங்களுக்குப் பொழுது போகாதா" என்றார். சிரித்துக்கொண்டே என்டரைத் தட்டினார்.

திரையில் பெயர்கள் ஓடின. ஒவ்வொரு பெயரும் ஒரு தேதி. ஒவ்வொன்றின் முன்னாலும் அழிக்கிறேன் என்ற சொல்.

இடம் மாறியிருந்தது. காலியான புது டிஸ்க் முதலில், அப்பா இரண்டாவதில். கருவி அப்பாவைக் காலியாக்கிக்கொண்டிருந்தது.

அம்மா அதை நிறுத்துவதற்குள் அந்தப் பக்கம் வெறுமையாகிவிட்டது. மகள் சுவரிலிருந்த சுவிட்சை நோக்கிப் பாய்ந்தாள்.

"தொடாதே."

ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரல். மகள் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆஃப் பண்ணலைன்னா அழிஞ்ச இடத்து மேல வேற ஏதாவது எழுதிடும்மா."

"ஆஃப் பண்ணா அதுவும் போயிடும். காது கொடுத்துக் கேளு."

சமையலறையில் அப்பா இன்னும் படித்துக்கொண்டிருந்தார். பெயர் போய்விட்டது, குரல் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. வாசிக்கும் நிரல் அந்த ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வாசித்து முடித்தால் விட்டுவிடும். விளையாட்டு முடிந்து பக்கம் புரளும் சத்தம் கேட்டது. அடுத்தது வானிலை. வானிலைதான் கடைசி.

அம்மா 'யார்கையில' தட்டினார். எல்லாம் போன இடத்தில் ஒரே ஒரு வரி வந்தது. அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு ஒரு கோப்பு, அதைப் பிடித்திருக்கும் நிரலின் எண்.

"மழை வரும்னு போட்டிருக்கான்" என்றார் அப்பா. "குடையை எடுத்துக்"

அம்மா அந்த நிரலை உறையவைத்தார். கொல்லவில்லை. நின்ற இடத்தில் நிற்கச் சொல்லும் கட்டளை அது. அப்பா சொல்லின் நடுவில் நின்றார். வீடு முழுக்கச் சத்தம் அடங்கியது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பது மட்டும் கேட்டது.

அடுத்த வரியை அம்மா நிதானமாகத் தட்டினார். கைகள் மடிக்குப் போயின. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "எங்க போகுது. புது டிஸ்க்குக்கு. எங்கேருந்து போகுது. பிடிச்சுக்கிட்டிருக்கிற கையிலேருந்து. என்ன பண்ணப் போகுது. காப்பி." வலது கை எழுந்தது. என்டர்.

புது டிஸ்கில் ஒரு கோப்பு வந்து உட்கார்ந்தது. அப்பாவின் ஒரு காலைப்பொழுது.

இனி அந்த நிரலைக் கொன்று, மற்ற கோப்புகள் கிடந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படுவதற்குள் பழைய டிஸ்கைக் கழற்றுவதுதான் முறை. மகள் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா தொடரச் சொல்லும் கட்டளையைத் தட்டிவிட்டார்.

"கிட்டுப் போ. இல்லேன்னா நனை, உன் இஷ்டம்" என்று அப்பா முடித்தார்.

"முடிக்கட்டும்னுதான்" என்றார் அம்மா, யாரும் கேட்காமலே.

பிறகு பழைய டிஸ்கைக் கழற்றி, அதில் எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, இருந்தது இருந்தபடி முழுக்க ஒரு நகல் எடுத்தார். அந்த நகலின் மேல் மீட்புக் கருவி ஒன்றை ஓடவிட்டார். அதற்குப் பெயர்கள் தெரியாது. ஒலிக்கோப்பு என்றால் தொடக்கம் இப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியும். குப்பைமேட்டில் தலையைப் பார்த்து ஆளை எடுப்பது போன்ற வேலை. பகல் முழுக்க ஓடியது. அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை, சாப்பிடக் கூப்பிட்டதற்கும் "இரு" என்றார்.

பொழுது சாய்ந்தபோது கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சில பாதியில் உடைந்திருந்தன. சில வரவேயில்லை. வந்தவற்றுக்கு வெறும் எண்கள்தான் பெயர்.

"எந்த நாள் எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

அம்மா ஒன்றைத் திறந்தார். "இன்னைக்கு வியாழக்கிழமை" என்று தேதியும் சொன்னார் அப்பா. "செய்தி வாசிக்கிறது உன் வீட்டுக்காரன்."

அம்மா அந்தத் தேதியைப் பெயராகத் தட்டினார். அடுத்ததைத் திறந்தார்.

ஒரு வாரமாக மாலையில் வீட்டுக்கு வந்ததும் இதுதான் வேலை. பெயர் வைக்கத் தொடக்கத்தைக் கேட்டால் போதும். அவர் வானிலை வரை கேட்கிறார். தம்பியைப் பற்றிய இடங்களில் பதிலும் சொல்கிறார். வீட்டில் நடந்ததை ஆஸ்பத்திரியில் அவசரத்திடம் அவரே சொன்னாராம். "நீங்களா மேடம்" என்று அவசரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். "நான்தாம்பா. நீயாவது கையைப் பாக்கெட்ல வெச்சே."

இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது டிஸ்க் ஒன்று வந்தது. மீண்டும் ஆர்சிங்க். சமையலறை ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அம்மா உட்கார்ந்தார். வரியைத் தட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை முணுமுணுத்தார். விடைகள் மூன்றும் சரியாகத்தான் இருந்தன. வலது கை எழவில்லை.

இத்தனை வருடத்தில் தன் வரியை இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொன்னவரில்லை. பின்னால் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை ஓரமாக நகர்த்திப் போட்டார். மேசைக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துத் திரைக்கு நேரே வைத்து, அதன் மேலிருந்த தூசியை ஸ்வெட்டர் கையால் துடைத்தார்.